அயர்ன் கோட் டிரெயில்: பெரியவர்கள், பிள்ளைகளோடு ஒரு நாள். எந்தப் பக்கம் தொடங்கலாம்?

பாத்தல்_பாலா:
வணக்கம். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை வாஷிங்டன் மாநிலத்து ஸ்டீவன்ஸ் பாஸ் கணவாய்ப் பக்கம், பழைய ரயில் தடத்தில் போட்ட நடைபாதையான அயர்ன் கோட் டிரெயில் போகலாம் என்று பேச்சு. மொத்தம் 11 பேர். அப்பாவுக்கு 71, தெற்கு ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சமதளத்தில் நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 66, முட்டிவலி, ஏற்றம் இறக்கம் ஆகாது. பிள்ளைகள் இருவர், 5 வயது, 8 வயது. மீதி ஏழு பேருக்கும் நடை பிரச்சினை இல்லை. வண்டி இரண்டு: 7 பேர் உட்காரும் மினிவேன் ஒன்று, எஸ்யூவி ஒன்று.

மூன்று டிரெயில்ஹெட் (நடை தொடங்கும் இடம்) இருப்பதாகத் தெரிகிறது: மார்ட்டின் க்ரீக், சீனிக், வெலிங்டன். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? மார்ட்டின் க்ரீக்கில் இருந்து வெலிங்டனுக்குப் பழைய ரோடு வழியாகவே காரில் போய்விடலாம் என்று மேப் காட்டுகிறதே, சரிதானா? வண்டி நிறுத்துவதற்கான பாஸ், கழிப்பறை, தண்ணீர் விவரமும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்கைவேலி:
முதலில் அந்த ரோடு விஷயத்தை முடித்துவிடலாம். மேப்பில் ஒரே கோடாகத் தெரியும் பழைய நெடுஞ்சாலை நடுவில் துண்டாகிக் கிடக்கிறது. காரில் போக முடியாது. அந்தக் கோட்டை நம்பி ஒரு வண்டியை ஒரு முனையிலும் இன்னொன்றை மறுமுனையிலும் விடத் திட்டம் போட்டால், நேரக் கணக்கு மொத்தமும் தப்பாகும். இரண்டுக்கும் யூஎஸ் 2 நெடுஞ்சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

அதன் மைல்கல் கணக்கு மேற்கே எவரெட் நகரில் தொடங்குகிறது. ஸ்கைகோமிஷ் ஊர் 49-ஆவது மைல். மார்ட்டின் க்ரீக்குக்கு 55-இல் ஓல்ட் காஸ்கேட் நெடுஞ்சாலையில் திரும்பி 2.3 மைல், பிறகு 6710 எண் காட்டுப் பாதையில் 1.4 மைல். கடைசித் துண்டு சரளை. சாதாரண கார் போகும், மெதுவாக. சீனிக் 58.3, நெடுஞ்சாலையை ஒட்டியே, சிவப்பு நிறப் பழைய கார்டு வண்டி ஒன்று நிற்கும், தவறவிட வாய்ப்பில்லை.

வெலிங்டன்தான் எல்லோரும் சறுக்கும் இடம். திருப்பம் 64.3-இல், கணவாய் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால். மேற்கிலிருந்து ஏறிப் போகும்போது அங்கே இடதுபுறம் திரும்பப் பார்க்காதீர்கள். எதிரே மலையிறங்கி வரும் லாரிகளுக்கு உங்களைப் பார்த்து நிறுத்த அவகாசம் கிடைக்காது. நேரே உச்சிக்குப் போய், பனிச்சறுக்கு மையத்து வண்டி நிறுத்தத்தில் திருப்பி, இறங்கி வந்து வலப்பக்கம் திரும்புங்கள். அங்கிருந்து 2.8 மைல். கூடுதலாக ஆவது ஐந்து நிமிடம்.

தண்டவாளம்:
அப்பா ரயில்வேக்காரர் என்பதால் பாதையின் வடிவத்தை முதலில் சொல்கிறேன். அது புரிந்தால் எங்கே தொடங்குவது என்பது தானாகவே விளங்கும்.

கிரேட் நார்தர்ன் ரயில்வே 1893-இல் இந்தக் கணவாயைக் கடந்தது. முதலில் சுரங்கம் கிடையாது. மலைமேல் முன்னும் பின்னுமாக இழுத்து ஏற்றும் எட்டு மாற்றுத்தடங்கள். 1900-இல் 2.6 மைல் நீளத்தில் முதல் காஸ்கேட் சுரங்கம் திறந்தபிறகு அவை கைவிடப்பட்டன. அந்தச் சுரங்கத்தின் மேற்கு வாயில்தான் வெலிங்டன். அதற்கு நேர் கீழே, பள்ளத்தாக்கில் சீனிக். இரண்டுக்கும் உயர வித்தியாசம் அதிகம், கிடைமட்டத் தூரமோ குறைவு. ரயில் நேராக ஏற முடியாது. ஆகவே தடத்தை சீனிக்கில் இருந்து எதிர்த்திசையில் மார்ட்டின் க்ரீக் வரை இழுத்துப்போய், குதிரை லாட வடிவச் சுரங்கத்துக்குள் திருப்பி, அதே மலையில் மேலே ஒரு வரிசையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அதனால் இன்றைய டிரெயில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு படி. கீழ்த்தடம் மார்ட்டின் க்ரீக்கில் இருந்து சீனிக் பக்கம் சுமார் 3 மைல். மேல்தடம் மார்ட்டின் க்ரீக்கில் இருந்து வெலிங்டன் வரை சுமார் 6 மைல். இரண்டையும் செங்குத்தாக இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. முக்கியமானது சீனிக்கில் இருந்து மேல்தடத்தில் உள்ள விண்டி பாயிண்ட்டுக்கு ஏறுவது. சுமார் ஒரு மைலில் 700 அடி ஏற்றம். தடங்களில் ஏற்றமே தெரியாது. இந்த இணைப்பில் மட்டும் மூச்சு வாங்கும்.

அம்மாவை அந்த இணைப்புப் பாதைக்குள் விடக்கூடாது, அவ்வளவுதான். மற்ற எங்கேயும் அவரால் நடக்க முடியும்.

மழைக்காடு_425:
பாஸ்: இது தேசியக் காடு. நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும், நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30 டாலர். தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் இருந்தால் அதுவும் செல்லும். மாநிலப் பூங்காவுக்கான டிஸ்கவர் பாஸ் இங்கே செல்லாது. அதைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு நிம்மதியாக நடந்து, திரும்பி வந்து அபராதச் சீட்டைப் பார்ப்பவர்கள் நிறைய. பாஸ் வண்டிக்கு ஒன்று, ஆளுக்கு அல்ல. நிற்கப்போகும் இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக வாங்குங்கள்.

கழிப்பறை மூன்று முனையிலும் உண்டு, குழிக் கழிப்பறை. நடுவழியில் எதுவும் கிடையாது. கைகழுவத் தண்ணீரும் இராது; சானிட்டைசர், டிஷ்யூ கையோடு இருக்கட்டும்.

குடிநீர் எங்கேயும் இல்லை. பெரியவர்களுக்கு 2 லிட்டர், பிள்ளைகளுக்கு 1 லிட்டர். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அப்படியே குடிக்கக்கூடாது. ஜியார்டியா என்ற கிருமி வயிற்றைக் கெடுக்கும், அதுவும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

சைக்கிளுக்கு அனுமதி இல்லை, நடப்பவர்களுக்கு மட்டும். நாய் இருந்தால் கயிற்றோடு.

சுக்குக்காப்பி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 11 பேர், பெரியவர்கள், குழந்தைகள் என்றால் ஸ்னோக்வால்மி சுரங்கம் போகலாமே? அதுவும் பழைய ரயில் பாதைதான். ஹையக் பக்கம் வண்டியை நிறுத்தினால் கொஞ்ச தூரத்திலேயே சுரங்க வாய். 2.3 மைல், துளி ஏற்றம் கிடையாது, ஐ-90 நெடுஞ்சாலை பக்கத்திலேயே. வெலிங்டனுக்கு அவ்வளவு சுற்ற வேண்டாம்.

தண்டவாளம்:
நல்ல இடம்தான். மில்வாக்கி ரோடு கம்பெனி போட்ட பாதை அது, 1980-இல் கைவிட்டார்கள். ஆனால் இந்தக் குழுவுக்கு எனக்குச் சரியாகப்படவில்லை. உள்ளே விளக்கே இல்லை, ஆளுக்கு ஒரு தலைவிளக்கு வேண்டும். கோடையிலும் உள்ளே குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருக்கும், கூரையில் இருந்து தண்ணீர் சொட்டும். சைக்கிள்கள் வேகமாக வரும். 5 வயதுப் பிள்ளை நடு இருட்டில் "தூக்கு" என்று நின்றால் முன்னால் ஒரு மைல், பின்னால் ஒரு மைல். மேலும் 2.3 மைல் நடந்து பார்ப்பது இருட்டை. காடு வெளியேதான் இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அந்த விஷயத்தில் செப்டம்பர் பரவாயில்லை. அங்கே மட்டும் டிஸ்கவர் பாஸ் செல்லும்.

அயர்ன் கோட்டில் இதற்கு நேர்மாறு. சுரங்கங்களைப் பார்க்கலாம், உள்ளே போகக்கூடாது. போகக்கூடாது என்றால் போகக்கூடாது. மரச்சட்டங்கள் உளுத்துப்போய்க் கூரைக்கல் விழும் நிலையில் இருக்கின்றன. வாயில் ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. 8 வயதுக்காரருக்கு இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள், வாயிலுக்குப் போனபிறகு சொன்னால் எடுபடாது.

பாத்தல்_பாலா:
எல்லோருக்கும் நன்றி. அயர்ன் கோட் என்றே வைத்துக்கொள்கிறோம். அப்பா கேட்கச் சொன்னது: தடத்தின் சரிவு எவ்வளவு, ஊட்டி ரயிலைவிட அதிகமா? அம்மா கேட்கச் சொன்னது: அட்டை கடிக்குமா? வால்பாறை அனுபவத்தில் கேட்கிறார். நான் கேட்பது: மார்ட்டின் க்ரீக்கா, சீனிக்கா?

தண்டவாளம்:
அப்பாவுக்கு: அதிகபட்சம் 2.2 சதவீதம், நம் கணக்கில் 45-க்கு 1. மேட்டுப்பாளையம் – குன்னூர் பல்சக்கரத் தடத்தில் ஏறக்குறைய 12-க்கு 1. அங்கே பல்சக்கரம் கடித்து ஏறுகிறது. இங்கே வெறும் சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிமானத்தில் நீண்ட சரக்கு ரயில் ஏற வேண்டும், அதனால் 2.2-க்கு மேல் போகவில்லை.

அவரையே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2.2 சதவீதம் என்றால் மைலுக்கு 116 அடி. சீனிக்கில் இருந்து மார்ட்டின் க்ரீக் 3 மைல், திரும்பி விண்டி பாயிண்ட் வரை இன்னொரு 3 மைல். ஆறு மைலுக்கு 700 அடி. ரயில் ஆறு மைல் சுற்றி ஏறிய அதே 700 அடியைத்தான் நீங்கள் இணைப்புப் பாதையில் ஒரே மைலில் ஏறுகிறீர்கள். இரண்டு தடமும் ஏன் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

வழியில் வெள்ளை மைல்கம்பங்கள் நிற்கும், 1,700 சொச்சம் எண்களோடு. மினசோட்டா மாநிலத்து செயின்ட் பால் நகரில் இருந்து ரயில் வந்த தூரம் அது. இது தெரியாமல் "இன்னும் ஆயிரத்து எழுநூறு மைலா" என்று பிள்ளைகள் மிரளுவார்கள்.

மழைக்காடு_425:
அம்மாவுக்கு: அட்டை கிடையாது. உண்ணியும் மலையின் இந்த மேற்குச் சரிவில் அபூர்வம். கொசு ஜூலையில் பிடுங்கும், செப்டம்பர் கடைசியில் அநேகமாக ஓய்ந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு செடி. ஒன்று நம்மூர்க் காஞ்சொறி மாதிரியே தொட்டால் எரிவது. இன்னொன்றுக்கு இங்கே டெவில்ஸ் கிளப் என்று பெயர். இலை பப்பாளி இலை அளவுக்கு அகலம், தண்டு முழுக்க மஞ்சள் நிற ஊசி முள். இலைக்கு அடியில் நரம்பிலும் முள் உண்டு. வழுக்கும்போது பிடிமானத்துக்குக் கை தானாகப் போவது அந்தத் தண்டுக்குத்தான். முள் தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும், இரண்டு நாளில் சீழ் வைக்கும். முனை கூரான சிறு இடுக்கி ஒன்று முதலுதவிப் பையில் இருக்கட்டும். பாதையை விட்டு இறங்காதவரை இரண்டும் அண்டாது.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் நல்ல தேர்வு. வைன் மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கும் நேரம். வெலிங்டன் பக்கம் ஜூன் வரைகூடப் பனி கிடக்கும். நவம்பருக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள், பனிச்சரிவு விழும் மலை அது.

வரைபடப்பைத்தியம்:
மார்ட்டின் க்ரீக்கா சீனிக்கா என்பதற்கு: நடப்பவர்கள் மட்டும் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மார்ட்டின் க்ரீக். கீழ்த்தடம் 3 மைல், இணைப்பு 1 மைல், மேல்தடம் வெலிங்டன் வரை 3 மைல், ஆக 7 மைல். இரட்டைச் சுரங்கம், பக்கவாட்டில் குடைந்த திறப்புகள், பாசி படர்ந்த பெரிய கான்கிரீட் சுவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் 8 வயதுப் பிள்ளை சேர்ந்து நடக்கிறதென்றால் சீனிக்கில் தொடங்குங்கள். 1 மைல் ஏற்றம், 3 மைல் சமம், ஆக 4 மைல். நின்று பார்த்துப் போக மூன்று, மூன்றரை மணி நேரம்.

இன்னொரு யோசனை: வெலிங்டனில் தொடங்கி சீனிக்கில் முடித்தால் முழுக்க இறக்கம்தானே? எல்லோருக்கும் சுலபம்.

மழைக்காடு_425:
அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சமதளத்தில் இறக்கமா ஏற்றமா என்பதே தெரியாது. வித்தியாசம் அந்த ஒரு மைலில் மட்டும். அதை ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம், இறங்குவது முட்டிக்கும் கணுக்காலுக்கும் கஷ்டம். கொண்டை ஊசி வளைவுகள், வேர், ஈரக் கல், மேலே மேப்பிள் இலை உதிர்ந்து மூடியிருக்கும். நடையின் கடைசியில், கால் சோர்ந்தபிறகு, அதை இறங்க வேண்டாம். காலையில் உடம்பு புதிதாக இருக்கும்போது ஏறிவிடுங்கள். மேலே போனதும் விண்டி பாயிண்ட், உட்கார நல்ல இடம். கீழே நெடுஞ்சாலையும், இப்போது ஓடும் ரயில் தடமும் பொம்மைப் பாதை மாதிரி தெரியும்.

தண்டவாளம்:
அங்கே அப்பா இல்லாமல் போவது கொஞ்சம் வருத்தம்தான். 1929 ஜனவரியில் திறந்த 7.8 மைல் புதிய காஸ்கேட் சுரங்கத்தின் மேற்கு வாயில் சீனிக்கில்தான். அது வந்ததால்தான் நீங்கள் நடக்கும் பாதை கைவிடப்பட்டது. சரக்கு ரயில் வந்தால் விண்டி பாயிண்ட்டில் சத்தம் முன்கூட்டியே கேட்கும். அடுத்தடுத்து வராது, டீசல் புகையை ராட்சத மின்விசிறியால் வெளியேற்றி முடித்தபிறகே அடுத்ததை விடுவார்கள். பயணிகள் ரயில் அதிகாலையிலும் மாலையிலும் கடந்துவிடும், பகலில் அதை எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

அப்பாவுக்கு வெலிங்டனில் வேறு விருந்து இருக்கிறது. நிறுத்தத்தில் இருந்து மேற்கே சமதளத்தில் கொஞ்சம் நடந்தால் கான்கிரீட் பனிக்கொட்டகை. சரிந்து வரும் பனி தடத்தில் விழாமல் கூரைமேல் வழுக்கிப் பள்ளத்தில் போவதற்காகக் கட்டியது. 2,463 அடி நீளம், முழுக்கக் கான்கிரீட். டிரெயில் அதற்குள்ளேயே போகிறது. ஒருபக்கம் மலையை ஒட்டிய சுவர், மறுபக்கம் வரிசையாகத் தூண்கள், தூணுக்குத் தூண் இடையே பள்ளத்தாக்கு. போய்வர ஒன்றரை மைலுக்குள். அம்மாவுக்கும் இது ஆகும். உள்ளே காற்று ஈரமாக வீசும், சால்வையோ ஸ்வெட்டரோ வேண்டும். கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் 5 வயதுக்காரரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுக்குக்காப்பி:
அந்த வெலிங்டன் விபத்து ரயில் விசில் அடித்ததால் வந்த பனிச்சரிவு என்று சொல்வார்களே, உண்மையா?

தண்டவாளம்:
விசில் கதையை விட்டுவிடுங்கள். 1910 பிப்ரவரிக் கடைசியில் நாள்கணக்காகப் பனி கொட்டி, ஸ்போகேனில் இருந்து வந்த பயணிகள் ரயிலும் தபால் ரயிலும் வெலிங்டனில் மாட்டிக்கொண்டன. முன்னும் பின்னும் தடம் மூடிவிட்டது. பிறகு பனி நின்று மழை பிடித்தது, இடியும் சேர்ந்தது. மேலே மலைச்சரிவில் மரங்கள் ஏற்கெனவே காட்டுத்தீயில் எரிந்து மொட்டையாக இருந்தன, பனியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. மார்ச் 1 அதிகாலை 1:42-க்கு சரிவு வந்து இரண்டு ரயிலையும் டை ஆற்றுப் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அமெரிக்காவிலேயே அதிக உயிர்ப்பலி வாங்கிய பனிச்சரிவு அதுதான்.

பயணிகள் ரயிலைச் சுரங்கத்துக்குள் நகர்த்தச் சொல்லிக் கெஞ்சினார்கள். உள்ளே குளிர், புகை, வாயில் அடைபட்டால் மூச்சுமுட்டும் என்று நிர்வாகம் மறுத்தது. இன்றைக்கு உட்கார்ந்து யார் சரி என்று சொல்வது சுலபம். அந்தப் பெயரே ஆகாது என்று அதே ஆண்டில் ஊர்ப் பெயரை டை என்று மாற்றினார்கள். நீங்கள் நடக்கப்போகும் கான்கிரீட் கொட்டகை அந்த விபத்துக்குப் பிறகு கட்டியது. உள்ளே சரிவு விழுந்த இடத்தைப் பார்க்க ஒரு மேடை உண்டு.

டிரெயிலின் பெயர் கம்பெனியின் சின்னத்தில் இருந்த மலையாட்டில் இருந்து வந்தது. இரும்பு ஆடு.

தயிர்சாதம்:
பெயருக்கேற்ற வேலையைச் செய்கிறேன். வழியில் கடை இல்லை, ஸ்கைகோமிஷோடு சரி. கட்டுசாதம்தான்.

தயிர்சாதம் காலை 6 மணிக்குக் கட்டி 1 மணிக்குத் திறந்தால் புளிக்கும். சாதத்தைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே பாலில் தளரப் பிசையுங்கள். ஆறியபிறகு ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு கரண்டித் தயிர் மட்டும். மதியம் திறக்கும்போது சரியான பதத்தில் இருக்கும். தளர இருப்பது முக்கியம், போகப்போக சாதம் பாலை இழுத்து இறுகிவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். வெங்காயம் வேண்டாம். புளிசாதத்துக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி தாராளமாக, இல்லையென்றால் குளிரில் விறைத்துக் கல்லாகும்.

ஊறுகாயைத் தனி டப்பாவில் கொண்டுபோகாதீர்கள், பைக்குள் எண்ணெய் கசியும், பிறகு அந்தப் பை முழுக்கக் கரடிக்கு அழைப்பிதழ். சாதத்துக்குள்ளேயே குழி பண்ணி வைத்து மூடுங்கள். மோர்மிளகாய் கசியாது, அது நல்லது.

மழைக்காடு_425:
கரடி பற்றிச் சொன்னதால்: இங்கே இருப்பது கருங்கரடி, ஆள் சத்தம் கேட்டால் விலகிப்போகும். 11 பேர் தமிழ்க் கூட்டம், சத்தத்துக்குக் குறைவிருக்காது. உணவை வெளியே வைத்துவிட்டு நகராதீர்கள். ஆரஞ்சுத் தோல், கறிவேப்பிலை உட்பட எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். "மக்கிவிடும்" என்று ஓரமாகப் போடும் தோல் இந்தக் குளிரில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஸ்கைவேலி:
வண்டிக் கணக்குக்கு வருவோம், கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்கைகோமிஷ் தாண்டினால் போன் சிக்னலை நம்பாதீர்கள், கணவாய் உச்சியில்தான் மறுபடி உருப்படியாகக் கிடைக்கும். ஆகவே இரு குழுவும் நேரம் வைத்துத்தான் இயங்க வேண்டும்.

நடக்கும் ஆறு பேரும் சீனிக்கில் இருந்து ஏறட்டும். எஸ்யூவி அங்கேயே நிற்கட்டும். இரண்டு வண்டியையும் வெலிங்டனுக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். ஏற்றத்தில் யாருக்காவது கால் பிசகித் திரும்பி இறங்கினால், கீழே வண்டியும் இல்லை, போனும் இல்லை என்றாகிவிடும்.

மினிவேனில் பெரியவர்கள், சின்னவர், இன்னும் இரண்டு பேர். நேராக வெலிங்டன் போனால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதலில் சீனிக்கில் இருந்து ஒன்றரை மைல் பின்னால், மேற்கே வந்து டிசெப்ஷன் அருவியைப் பாருங்கள். மேலே பாலம் வரை பாதை சமம், அம்மாவுக்கு அதுபோதும். கீழே இறங்கும் வளையத்தில் படிகள் உண்டு. 1893-இல் இந்த ரயில் பாதையின் கடைசி ஆணி அடித்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான், அப்பாவுக்கு அது. பிறகு 10:30 வாக்கில் கிளம்பி வெலிங்டன்.

கெடு இரண்டு வையுங்கள். 11 மணிக்குள் விண்டி பாயிண்ட் எட்டாவிட்டால் நடப்பவர்கள் திரும்பி சீனிக்குக்கே இறங்கிவிட வேண்டும். 2 மணிக்குள் அவர்கள் வெலிங்டன் வரவில்லை என்றால் மினிவேன் சீனிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் உச்சிக்கு ஏறி 911.

எல்லாம் சரியாக நடந்தால் மினிவேன் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும், அதில் எஸ்யூவி ஓட்டுநரும் இருக்க வேண்டும். சீனிக்கில் அவரை இறக்கிவிட்டு மினிவேன் ஸ்கைகோமிஷ் போய்விடலாம். எஸ்யூவி மறுபடி உச்சிக்கு ஏறி, திரும்பி, வெலிங்டனில் மீதி நான்கு பேரை ஏற்றிக்கொள்ளும். அந்த நால்வருக்கு 45 நிமிடக் காத்திருப்பு. பெட்ரோலை மன்ரோவிலேயே நிரப்பிவிடுங்கள், உச்சியில் பங்க் கிடையாது.

வரைபடப்பைத்தியம்:
மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், வழியில் முடியாது. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு போனில் இருக்கட்டும். சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும், விமானப் பயன்முறையில் போடுங்கள். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும்.

முந்தின நாள் பார்க்க வேண்டியவை: மாநில நெடுஞ்சாலைத் துறையின் யூஎஸ் 2 நிலவரம், காட்டுத் துறையின் டிரெயில் அறிவிப்பு, காற்றுத் தர அளவு. செப்டம்பர் என்றால் தீப்புகை வாய்ப்பு உண்டு. 2022 செப்டம்பரில் போல்ட் க்ரீக் தீயால் இதே நெடுஞ்சாலையை மூடினார்கள். காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போகாதீர்கள், தேதியை மாற்றுங்கள்.

சனிக்கிழமை என்பது நல்லது. ஞாயிறு மதியத்துக்குமேல் கோல்ட் பார், சுல்தான், மன்ரோ வரை மேற்கே வரும் ஒரே லேனில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

பாத்தல்_பாலா:
அருமை. இப்படி முடிவு செய்திருக்கிறோம், தவறிருந்தால் சொல்லுங்கள்.

காலை 7-க்கு பாத்தல், 522 நெடுஞ்சாலை வழியாக மன்ரோ, பெட்ரோல். 8:35-க்கு சீனிக், எல்லோரும் கழிப்பறை, கார்டு வண்டி முன்னால் போட்டோ. 9-க்கு ஆறு பேர் ஏறுகிறார்கள், 8 வயதுக்காரரும் சேர்த்து. நான் மினிவேன் ஓட்டுகிறேன்: அப்பா, அம்மா, சின்னவன், தங்கை. டிசெப்ஷன் அருவி, பிறகு உச்சி சுற்றி வெலிங்டன், பனிக்கொட்டகை. 12:30-க்கு எல்லோரும் வெலிங்டனில் சாப்பாடு. கெடு 11, 2. ஃபாரஸ்ட் பாஸ் இரண்டு. தண்ணீர் மொத்தம் 20 லிட்டர். தயிர்சாதம் பால் கணக்கில், உப்பு கடைசியில் என்று அம்மாவிடம் சொன்னேன், "இதை எனக்கு இன்டர்நெட்டில் சொல்லித் தருகிறார்களா" என்று கேட்டார்.

சாப்பாடு முழுவதும் மினிவேனில். நடப்பவர்கள் கைவீசிப் போகலாம் இல்லையா?

ஸ்கைவேலி:
எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் தப்பு. நடப்பவர்கள் திரும்பி இறங்க நேர்ந்தால் சாப்பாடு வெலிங்டனில் இருக்கும், அவர்கள் சீனிக்கில் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு பிடி கட்டுசாதம், மழைச்சட்டை, முதலுதவிப் பை, ஒரு தலைவிளக்கு அவர்களோடு போகட்டும்.

அதைவிட முக்கியம் எஸ்யூவி சாவி. காலையில் எல்லோரும் சாமான் மாற்றும் அவசரத்தில் சாவி, ஜாக்கெட்டோடு சேர்ந்து மினிவேனில் ஏறிவிடும். 9 மணிக்கு மினிவேன் கிளம்புவதற்கு முன்னால், நடக்கும் குழுவில் எஸ்யூவி ஓட்டுகிறவர் சாவியைக் கையில் எடுத்து உங்களிடம் காட்டட்டும். காட்டியபிறகு ஜிப் வைத்த பாக்கெட்டில் போடட்டும். சாப்பாட்டுப் பையில் அல்ல.